நாற்பத்து மூன்று என்று எழுதினேன்

2001 நவம்பரில் எங்கள் டாங்க் ரெஜிமெண்டிலிருந்து மேலிடத்துக்குப் போன ரிட்டர்னில், அதாவது மாதக் கணக்கு அறிக்கையில், ஓடும் நிலையில் உள்ள டாங்குகள் 43 என்று எழுதியவன் நான். எழுதியிருக்க வேண்டிய எண் 34. இடையில் உள்ள 9 டாங்குகள் காகிதத்தில் மட்டும்தான் ஓடின. அந்த ஒன்பதில் ஒன்றால், இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் முழங்காலுக்குக் கீழே வலது காலை இழந்தான். விசாரணையில் என்னைக் கேட்டார்கள். உண்மையைச் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். எங்கள் பகுதியில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெருவைப் பார்ப்பது அரிது. 1979-ல் சேர்ந்தேன். செகந்திராபாத்தில் இ.எம்.இ. பயிற்சி. இ.எம்.இ. என்றால் ராணுவத்தின் பழுதுபார்க்கும் படை. சண்டை போடுகிறவன் வேறு. அவன் வண்டியும் துப்பாக்கியும் வேலை செய்யும்படி வைத்திருப்பவர்கள் நாங்கள். 2001-ல் நான் நாயப் சுபேதார், ஜே.சி.ஓ. என்னும் இளநிலை அதிகாரி. டி-72 டாங்குகள் வைத்திருந்த ஒரு ரெஜிமெண்டோடு இணைக்கப்பட்ட எல்.ஏ.டி.யில், அதாவது கூடவே இருக்கும் சிறு பழுதுபார்ப்புப் பிரிவில் இருந்தேன். மூன்று ஸ்குவாட்ரன்களில் தலா 14, தலைமையகத்தில் 3. மொத்தம் 45 டாங்குகள். ஒவ்வொன்றின் இருமலும் எனக்குத் தெரியும்.

டி-72 முதலில் சோவியத் யூனியனிலிருந்து வந்தது. பிறகு நம் ஆவடியிலேயே செய்தார்கள். 780 குதிரைத்திறன் எஞ்சின், நாற்பது டன்னுக்கு மேல் எடை, உள்ளே மூன்று பேர். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோது அதன் ஆயுதத் தொழிற்சாலைகள் பல நாடுகளுக்குப் பங்காகிப் போயின. உதிரி பாகம் வருவது மெலிந்தது. பாகம் கேட்டு இண்டெண்ட் எழுதிப் போடுவோம். பாகம் வர மாதக்கணக்காகும், சில சமயம் வருடம் திரும்பும். அதனால் எல்லா வொர்க்‌ஷாப்பிலும் ஒரு பழக்கம் உண்டு. நிற்கும் வண்டியிலிருந்து பாகத்தைக் கழற்றி ஓட வேண்டிய வண்டிக்குப் போடுவது. அதற்கு 'கேனிபலைஸ்' செய்வது என்று பெயர். அவசரத்துக்கு அதில் தவறில்லை. போர்க்களத்தில் அதுவே புத்திசாலித்தனம். ஆனால் எதிலிருந்து எடுத்தோம், எதில் போட்டோம், எந்த வண்டி இப்போது நிற்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். அந்த வரியை எழுதாமல் விட்டால், அந்த நிமிடமே அது திருட்டு.

2001 அக்டோபரில் வருடாந்தர ஆய்வு வந்தது. முதல் நாள் ஏ ஸ்குவாட்ரன், மறுநாள் பி, மூன்றாம் நாள் சி. ஆய்வுக் குழு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனதும் நானும் நான்கு பையன்களும் டார்ச் விளக்கில் வேலை செய்தோம். ஏ-யில் பார்த்து முடித்த டாங்குகளிலிருந்து ஸ்டார்ட்டர், பேட்டரி, காற்று கம்ப்ரெஸர், இரவுப் பார்வைக் கருவி எல்லாவற்றையும் கழற்றி பி-க்குக் கொண்டுபோனோம். மறுநாள் ராத்திரி பி-யிலிருந்து சி-க்கு. மூன்று நாளும் டாங்குகள் உறுமின. ஆய்வு செய்த அதிகாரி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலில் நான் கூசவில்லை. மகிழ்ந்தேன். இந்த வாக்குமூலத்தில் எழுதக் கஷ்டமான வரி இதுதான்.

எனக்கு யாரும் பொய் சொல்லக் கட்டளையிடவில்லை. ஆய்வுக்கு முன், "தேக் லேனா, சாப்" என்றார்கள். பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். அந்தச் சொல்லுக்கு இப்படியொரு அர்த்தம் கொடுத்தவன் நான். எல்.ஏ.டி. அதிகாரி இளம் கேப்டன். வந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ள ஜே.சி.ஓ. சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்திட்டார். கையெழுத்து அவருடையது, எண் என்னுடையது.

ஏன் செய்தேன்? சுபேதாராகப் பதவி உயர்வு வரவேண்டிய நேரம் அது. அந்த ஆசை இருந்தது, மறுக்கவில்லை. அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. பெரிய போர் இனி வராது என்று மனதுக்குள் நம்பியிருந்தேன். 1971-க்குப் பிறகு டாங்கோடு டாங்க் மோதிய போரை நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் அறிந்த சண்டையெல்லாம் காஷ்மீரில் தீவிரவாதிகளைத் தேடி வளைப்பது. 1999-ல் கார்கில் வந்தபோதும் அது மலைச் சண்டை. காலாட்படையும் பீரங்கிப் படையும் உயிரைக் கொடுத்தன, டாங்குக்கு அங்கே இடமில்லை. பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான டாங்குகள் இறங்கும் போர் என்பது எங்களுக்கு வரைபட அறையின் விஷயம். வராத போருக்குத் தயார் என்று எழுதினால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன்.

ஆய்வு முடிந்ததும் கழற்றியதை அதனதன் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். சிலவற்றை மாட்டினோம். தீபாவளி நெருங்கியது, அந்த வருடம் நவம்பர் 14. எனக்கு லீவு கிடைத்திருந்தது. போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ரிட்டர்னில் 43 போட்டுவிட்டு ரயில் ஏறினேன். வீட்டில் பிள்ளைகளோடு மத்தாப்பு கொளுத்தினேன். அந்த நேரம் ஏ ஸ்குவாட்ரனின் ஒரு டாங்க், செத்த ஸ்டார்ட்டரோடும் காற்று நிற்காத சிலிண்டரோடும் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. ஏட்டில் அது போருக்குத் தயார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன்தான் நான்.

டிசம்பர் 13-ம் தேதி நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் படைகளைப் பாகிஸ்தான் எல்லைக்கு நகர்த்தும் உத்தரவு வந்தது. ஆபரேஷன் பராக்ரம். 1971-க்குப் பிறகு இந்திய ராணுவம் பார்த்த மிகப் பெரிய அணிதிரட்டல் அது. பெரிய போர் என்றால் என்ன என்று அந்த ஒரு வாரத்தில்தான் என் உடம்புக்குப் புரிந்தது. அது வீரத்தில் தொடங்குவதில்லை. ரயில் பெட்டியில் தொடங்குகிறது. டாங்க் தன் கால்களால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி எல்லைக்குப் போகாது; அப்படி ஓடினால் போர் தொடங்கும் முன்பே எஞ்சினும் டிராக்கும் தேய்ந்துவிடும். தட்டைப் பெட்டிகளில் ஏற்றி, மரக்கட்டைகளும் சங்கிலியும் போட்டுக் கட்டி, ஒரு ரேக்கை, அதாவது ஒரு முழு ரயிலை, அனுப்பினால் அடுத்த ரேக் வர வேண்டும். ஏற்றும் சைடிங் எத்தனை, இறக்கும் சாய்தளம் எத்தனை, ஒரு ரேக்கைக் காலி செய்ய எத்தனை மணி நேரம் என்பதெல்லாம்தான் அப்போது போர். உள்நாட்டில் தூரத்தில் இருந்த தாக்குதல் படைகள் எல்லைக்கு அருகே வந்து முழுமையாக அணிவகுக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஜனவரி 12 வந்தது, பாகிஸ்தான் அதிபர் முஷாரப் தொலைக்காட்சியில் பேசினார், உலக நாடுகள் தலையிட்டன, முதல் வாய்ப்பு கைநழுவியது. படையை விரைவாகக் களம் இறக்க வேண்டும் என்ற புதிய போர்த் திட்டம் 2004-ல் பேசப்பட்டதற்கு இந்த மூன்று வாரத் தாமதமும் ஒரு காரணம். அந்த மூன்று வாரத்துக்கு நானே காரணம் என்று சொன்னால் அது அகந்தை. ஆனால் அதற்குள் மூன்று மணி நேரம் என்னுடையது.

எங்கள் ரேக் ராஜஸ்தானில் ஒரு சிறு ரயில் நிலையத்துக்கு ராத்திரி வந்து சேர்ந்தது. வெளிச்சம் காட்டக் கூடாது என்று உத்தரவு. எலும்பைக் குத்தும் பனி. டாங்குகள் ஒவ்வொன்றாகப் பெட்டிமேலேயே ஸ்டார்ட் ஆகி, பெட்டிக்குப் பெட்டி நகர்ந்து, கடைசியில் உள்ள சாய்தளம் வழியாக இறங்க வேண்டும். நடுவில் ஒன்று நின்றால் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். நின்றது. ஊரில் ஏற்றும்போது வொர்க்‌ஷாப்பின் வெளிக்காற்று சிலிண்டரை மாட்டி அதைக் கிளப்பியிருந்தோம். இங்கே அந்த வசதி இல்லை. ஸ்டார்ட்டர் செத்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டுநரை இரண்டு முறை முயற்சி செய்யச் சொன்னேன், புதிதாக ஏதோ கோளாறு வந்ததுபோல. அதுவும் நடிப்பு.

பின்னால் இன்னொரு ரேக் காத்திருந்தது. ரயில்வேக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். முன்னால் இறங்கிய டாங்கில் எஃகுக் கயிறு கட்டி இதை இழுப்பது என்று முடிவானது. கயிற்றில் சில இழைகள் விட்டிருந்தன. இருட்டில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவன் நான். சாய்தளத்தின் பக்கத்தில் நின்று கைகாட்டி வழிசொல்ல ஒரு சவார், டாங்க் படைச் சிப்பாய், வந்தான். ஹரியானாக்காரன், மல்யுத்தக்காரன் போன்ற உடம்பு, படையில் சேர்ந்து மூன்று வருடம்கூட ஆகாதவன். இழுவையில் டாங்க் அரையடி நகர்ந்தது. பிறகு கயிறு அறுந்தது. இழுபட்ட எஃகுக் கயிறு அறுந்தால் அது கயிறு இல்லை, சுழலும் வாள். அவன் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டான். என்ன ஆயிற்று என்று அவனுக்கே புரியாமல், "சாப், டாங்க் இறங்கிடுச்சா?" என்று என்னைக் கேட்டான்.

கோர்ட் ஆஃப் இன்கொயரி என்ற ராணுவ விசாரணை நடந்தது. கயிறு பழையது என்றேன். உண்மை. இருட்டு என்றேன். உண்மை. குளிரில் ஸ்டார்ட்டர் செயலிழந்தது என்றேன். பொய். இரண்டு உண்மைகளுக்கு நடுவில் வைத்ததால் அந்தப் பொய் கண்ணில் படவில்லை. விபத்து என்று எழுதி முடித்தார்கள். அந்த வருடம் கண்ணிவெடி புதைப்பதிலும் எடுப்பதிலும் விபத்துகளிலும் நூற்றுக்கணக்கான வீரர்கள் இறந்தார்கள், போரே நடக்காமல். அந்தப் பெரிய துக்கத்துக்குள் ஒரு சவாரின் கால் மறைந்துபோனது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அப்படி இருந்ததையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

பத்து மாதம் பாலைவனத்தில் கிடந்தோம். 2002 அக்டோபரில் படைகளைத் திரும்பப் பெறும் முடிவு வந்தது. மணல் ஏர்-ஃபில்டரை அடைக்கும், ரப்பர் சீல் வெயிலில் விறைத்து வெடிக்கும், பேட்டரி வற்றும். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்துக்கும் இண்டெண்ட் எழுதும்போதுதான் என் பொய்யின் முழு வடிவம் எனக்குத் தெரிந்தது. அதுவரை, இல்லாத பாகத்தை மறைத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அது பாதிதான். ஓடும் டாங்குக்கு யாரும் ஸ்டார்ட்டர் அனுப்பமாட்டார்கள். 43 என்று நான் எழுதியதால், 9 டாங்குகளுக்கான பாகங்கள் எங்களுக்குத் தேவையில்லை என்று மேலே பதிவானது. டெப்போவில் இருந்த சொற்பப் பாகங்கள், தேவை என்று உண்மையாக எழுதிய வேறு ரெஜிமெண்டுக்குப் போயிருக்கும். பற்றாக்குறையை நான் மறைத்தது மட்டுமில்லை, அதை வளர்த்தவனும் நானே. பசிக்கிறது என்று சொல்லாத பிள்ளைக்குத் தாயும் சோறு போட முடியாது.

ஓய்வுபெற்ற பிறகு போர் வரலாறுகளைத் தேடிப் படித்தேன். என் எண்ணின் உறவுக்காரர்களை எங்கும் பார்த்தேன். 1965 செப்டம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், போர்நிறுத்தத்தைப் பற்றி முடிவெடுக்கும் நேரம். இன்னும் சில நாள் நீடித்தால் வெல்ல முடியுமா என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டபோது, முன்னணி வெடிமருந்தில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் ஜே.என். சௌத்ரி சொன்னார். பிறகு கணக்குப் பார்த்தால் செலவானது ஏறக்குறைய 14 சதவீதம்தான். நான் இல்லாததை இருக்கிறது என்றேன். அங்கே இருந்தது இல்லை என்று ஆயிற்று. இரண்டுக்கும் வேர் ஒன்று. மேலே முடிவெடுப்பவர் கையில் இருக்கும் எண், கீழே கிடங்கிலும் ஷெட்டிலும் இருக்கும் பொருளோடு ஒட்டவில்லை.

2017-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை ஒன்று நாட்டையே உலுக்கியது. கடும் போர் நடந்தால் 40 நாளுக்குத் தாங்கும் வெடிமருந்து இருப்பு வேண்டும் என்பது அப்போதைய விதி. 2016 செப்டம்பர் நிலவரப்படி, பார்க்கப்பட்ட 152 வகைகளில் 61 வகை 10 நாளுக்குக்கூடக் காணாது என்றது அறிக்கை. இதை வெளியே சொல்லலாமா, எதிரிக்குத் தெரிந்துவிடாதா என்று என் பழைய சகாக்கள் கொதித்தார்கள். எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கையில் கண் கலங்கியது. யாரோ ஒருவர் 34-ஐ 34 என்றே எழுதியிருக்கிறார். அதே வருடம் ராணுவத் துணைத் தலைமைத் தளபதிக்கு அவசர வெடிமருந்தை நேரடியாக வாங்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. கசந்த எண் குண்டைக் கொண்டுவந்து சேர்த்தது. இனித்த என் எண் ஒரு போல்ட்டைக்கூடக் கொண்டுவரவில்லை.

2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போர் தொடங்கியது. கீவ் நகருக்கு வடக்கே 64 கிலோமீட்டர் நீளத்துக்கு ரஷ்ய வண்டிகள் தேங்கி நின்ற செயற்கைக்கோள் படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எதிர்ப்பும் இருந்தது, எரிபொருளும் உணவும் போய்ச்சேரவில்லை, சேறு வேறு. விலையுயர்ந்த ஏவுகணை வண்டி ஒன்று டயர் கிழிந்து சேற்றில் கைவிடப்பட்டுக் கிடந்த படத்தையும் பார்த்தேன். நீண்டகாலம் நகர்த்தாமல் நிறுத்திவைத்த வண்டியின் டயர் அப்படித்தான் வெடிக்கும் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். வீட்டில் பேரன், "என்ன தாத்தா, இவ்வளவு பெரிய ராணுவம் இப்படி நிக்குது?" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கோ ஒரு ஷெட்டில் என்னைப்போல் ஒருவன் 'சரியாக உள்ளது' என்று எழுதியிருப்பான் என்றே தோன்றியது. அன்று ராத்திரி என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல்முறையாக.

அந்தப் போரைத் தொடர்ந்து கவனித்தேன். டிரோன் வந்துவிட்டது, டாங்கின் காலம் முடிந்தது என்கிறார்கள். டிரோனால் களம் மாறியது உண்மை. ஆனால் அடிப்படை மாறவில்லை. போருக்கு முன் அமெரிக்கா மாதத்துக்கு ஏறக்குறைய 14,000 என்ற அளவில்தான் 155 மி.மீ. பீரங்கிக் குண்டு செய்துவந்தது. உக்ரைன் ஒரு நாளில் 5,000 குண்டுக்கு மேல் சுட்ட காலம் உண்டு என்கிறார்கள். ஒரு மாத உற்பத்தி மூன்று நாளில் தீரும். பெரிய போரில் முதல் வாரத்தைத் திறமை நடத்தும். அதன் பிறகு கிடங்கும் தொழிற்சாலையும் பழுதுபார்ப்பவர்களும்தான் நடத்துவார்கள். 1973 அரபு-இஸ்ரேல் போரில் கோலான் மேட்டில் பகலில் அடிபட்ட டாங்குகளை இஸ்ரேலியப் பழுதுபார்ப்புப் படையினர் ராத்திரியோடு சரிசெய்து மறுபடி சண்டைக்கு அனுப்பினார்கள். எண்ணிக்கையில் பலமடங்கு பெரிய சிரியப் படையை அங்கே தடுத்து நிறுத்தியதில் அந்த மெக்கானிக்குகளுக்கும் பங்கு உண்டு. என் தொழிலுக்கு அவ்வளவு மரியாதை இருக்கிறது. நான் அதற்குச் செய்த துரோகமும் அந்த அளவு பெரியது.

2003-ல் ஒரு மாதம் உண்மையான எண்ணை எழுதினேன். ஓடாதவை 8. கூப்பிட்டுத் திட்டினார்கள், ஆய்வு நெருங்குகிறது என்றார்கள். மாற்றவில்லை. ஆறு டாங்குகளுக்கான பாகங்கள் நான்கு மாதத்தில் வந்து சேர்ந்தன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இவ்வளவு எளிதில் முடிந்திருக்கும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஒரு திட்டு. அதை வாங்கிக்கொள்ளும் தைரியம் 2001-ல் எனக்கு இல்லை. சண்டையில் குண்டுக்கு முன்னால் நிற்கத் தயாராக இருந்தவன், மேஜைக்கு முன்னால் நிற்கப் பயந்தேன். 2006-ல் சுபேதாராக ஓய்வுபெற்றேன். அந்தப் பதவியும் அந்த 43-ன் மேல்தான் நிற்கிறது.

அந்தப் பையனுக்குப் புனேயில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். இன்று அவன் நடுவயதுக்காரன். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான், மகள் கல்லூரியில் படிக்கிறாள். வருடா வருடம் தீபாவளிக்கு அவன்தான் எனக்குப் போன் செய்வான். 2022 தீபாவளிக்கு நான் முந்திக்கொண்டேன். ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன்: அக்டோபர் ராத்திரி, டார்ச் வெளிச்சம், கழற்றிய ஸ்டார்ட்டர், விசாரணையில் சொன்ன பொய். நீண்ட நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பின்னணியில் ஒரு எருமை கத்தியது மட்டும் கேட்டது. பிறகு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "சாப், அந்த ஸ்டார்ட்டரைப் போட்டீங்களே, அந்த டாங்க் ஓடிச்சா?"

ஓடியது. பத்து மாதமும் பாலைவனத்தில் ஒருநாள் தவறாமல் ஓடியது. சொன்னேன். "சரி சாப்" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதை மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் அப்படிச் சொல்லவும் இல்லை. அடுத்த தீபாவளிக்கு அவனிடமிருந்து போன் வரவில்லை. அவனுக்கு அந்த உரிமை உண்டு.

விசாரணைக் கோப்பை இனி நான் திருத்த முடியாது. ரிட்டர்னைத் திருத்தலாம். தாமதமானாலும், எந்தப் படிவத்தில் எப்படி எழுதியிருக்க வேண்டுமோ அப்படியே இங்கே எழுதுகிறேன்.

2001 நவம்பர். மொத்த டாங்குகள்: 45. ஓடுபவை: 34. ஓடாதவை: 11. தேவை: ஸ்டார்ட்டர், பேட்டரி, காற்று கம்ப்ரெஸர், இழுவைக் கயிறு. குறிப்பு: ஒன்பது டாங்குகளின் பாகங்கள் ஆய்வுக்காக மாற்றப்பட்டன, திரும்ப மாட்டப்படவில்லை. ஏ ஸ்குவாட்ரனின் ஒரு டாங்க் தானாகக் கிளம்பாது, அதை ரயிலில் ஏற்ற வேண்டாம். தயாரித்தவன்: நான்.